அம்மாவின் குளியலறைச் சுவரும் ரொறன்ரோவிலிருந்து வரவிருக்கும் கைக்கடிகாரமும்

கேள்வி: என் அம்மாவுக்கு 77 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா காலமான பின்னர் திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில் தனியாகவே இருக்கிறார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கிறார். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. சென்ற மாதம் ஓர் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் விடியும்வரை கிடந்திருக்கிறார். காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து கூப்பிட்டபோதுதான் விடயம் தெரியவந்தது. நல்ல காலம், எலும்பு முறியவில்லை. நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், தம்பி ரொறன்ரோவில். விழுந்தால் தானாக அறிவிக்கும் கைக்கடிகாரம், கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான், வீட்டுக்குள் நான்கு கமெரா எல்லாவற்றையும் அனுப்புவதாகத் தம்பி சொல்கிறான். அம்மாவோ, "எனக்குக் காவல் போடப் போறீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். கொழும்புக்கு வரவும் சம்மதமில்லை. எதை வாங்குவது, அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

– வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வாங்கவேண்டிய பொருட்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. அம்மா அன்றிரவு எப்படி விழுந்தார் என்பதற்கு ஒரேயொரு வரிதான் இருக்கிறது. முதியோரின் வீடுகளுக்குச் சென்று அவர்களின் அன்றாட நடமாட்டத்தைப் பார்த்து ஆலோசனை சொல்லும் தொழில்வழிச் சிகிச்சையாளர் என்ற முறையில், என் கேள்விகள் எல்லாம் அந்த ஒரு வரியைச் சுற்றியே எழுகின்றன. கட்டிலிலிருந்து எழும்பியதும் தலை சுற்றியதா? விளக்கைப் போட்டாரா, போடாமல் பழக்கத்தில் நடந்தாரா? தரை ஈரமாக இருந்ததா? சரியும்போது எதைப் பிடித்தார், பிடித்தது கையோடு வந்துவிட்டதா? தம்பியின் கைக்கடிகாரம் அம்மா விழுந்த பின்னரே வேலையைத் தொடங்கும். ஆகையால் அவருடைய பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, சுவரில் பூட்டப்படுபவற்றை முதலிலும், கையில் பிடிப்பவற்றை அடுத்தும், மின்கலத்தில் இயங்குபவற்றைக் கடைசியிலும் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்ட 50 முன்னுரிமை உதவி உபகரணங்களின் பட்டியலில் விழுவதை உணரும் கருவிக்கு இடமுண்டு. சுவர்க் கைப்பிடிக்கும், குளியல் கதிரைக்கும், கைத்தடிக்கும், மாத்திரைப் பெட்டிக்கும் அதே பட்டியலில் அதே மதிப்புடன் இடமுண்டு.

கடைக்குப் போவதற்கு முன்னர் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களுக்கும் நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் அழுத்தம் சட்டென்று இறங்குவதுண்டு. படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள் மறு தடவையும் அளக்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலாகவோ குறைந்தால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. கிளினிக்குகளில் பெரும்பாலும் கதிரையில் இருத்தி ஒரு தடவைதான் அளப்பார்கள் என்பதால், விழுந்த கதையைச் சொல்லி இந்த இரண்டாவது அளவை நீங்களாகவே கேட்க வேண்டும். இரவில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழும்புகிறார், பாதங்களில் விறைப்பு இருக்கிறதா என்பவற்றையும் அங்கேயே சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதோ நேரத்தை மாற்றுவதோ வைத்தியரின் வேலை. நீங்கள் தொலைபேசியில் சொல்லி மாற்றவேண்டாம்.

இனிக் குளியலறை. நம் வீடுகளில் இன்னும் வாளியும் கோப்பையும்தான். வாளி தரையில் இருப்பதால், அம்மா ஒவ்வொரு கோப்பைக்கும் குனிந்து, தேய்ந்த முழங்காலில் பாரத்தை வைத்து நிமிர்ந்து, ஈரத் தரையில் நின்றபடியே ஊற்றுகிறார். சவர்க்கார நீர் காலடியில் ஓடும்போது இதைவிட ஆபத்தான உடற்பயிற்சி வேறில்லை. மேசனைப் பிடித்து வாளிக்கு முழங்கால் உயரத்தில் ஒரு சிறு சீமெந்துத் திட்டும், அதன் அருகே அமர்வதற்கு இன்னொரு திட்டும் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். அமரும் திட்டின் உயரத்தைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள்: அம்மாவைச் செருப்பில்லாமல் கதிரையில் இருத்தி, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து, மூட்டுத் தேய்மானம் உள்ளவர் என்பதால் அதற்கு மேல் இரண்டு அங்குலம் கூட்டுங்கள். அநேகமாக 43 முதல் 46 சென்ரிமீற்றருக்குள் வரும். திட்டுக் கட்ட இடமில்லையென்றால், றப்பர்க் கால்களுடன் கூடிய அலுமினியக் குளியல் கதிரையை மருத்துவ உபகரணக் கடைகளில் வாங்கலாம். சாதாரண பிளாஸ்டிக் கதிரையை உள்ளே கொண்டுபோய் வைக்கவேண்டாம். ஈரமான தரை ஓட்டில் அதன் கால்கள் விரிந்து கொடுக்கும்.

சுவர்க் கைப்பிடியில் நம்மவர் செய்யும் தவறுகள் இரண்டு. துவாய் போடும் கம்பியையே பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது ஒன்று. காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பிடிகளை நம்புவது மற்றது. முன்னது துவாயின் பாரத்துக்காகச் செய்யப்பட்டது. பின்னது முதல் நாள் இறுக்கமாக இருந்துவிட்டு, அவசரம் வரும் நாளில் கழன்றுவிடும். உண்மையான கைப்பிடி 32 முதல் 38 மில்லிமீற்றர் வரை பருமனுள்ள உருண்டைக் குழாயாக, சுவருக்கும் அதற்கும் இடையில் விரல்கள் நுழைய ஏறக்குறைய 38 மில்லிமீற்றர் இடைவெளியுடன், முழு உடற்பாரத்தையும் தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். பாரத்தைத் தாங்கவேண்டியது சுவரில் பதித்த ஓடல்ல, அதன் பின்னாலுள்ள சுவர். உங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லா, உள்ளே குழியுள்ள சீமெந்துக் கல்லா என்பதைத் துளை போடுவதற்கு முன்னரே மேசனிடம் கேளுங்கள். குழிக்கல்லில் சாதாரண பிளாஸ்டிக் செருகி பிடிக்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து நட்டும் போல்ட்டுமாக இறுக்குவதே உறுதியானது. ஓட்டில் துளையிடும்போது துளைகருவியின் தட்டும் இயக்கத்தை நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓடு வெடித்துவிடும்.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நம் ஊருக்கு இன்னொரு கவனம் தேவை. உப்புக்காற்றில் மலிவான முலாம் பூசிய கம்பி விரைவிலேயே துருப்பிடிக்கும். அதுவும் வெளியில் தெரியாமல் திருகாணியின் கழுத்தில்தான் முதலில் பிடிக்கும். 304 தரத் துருப்பிடிக்கா உருக்கு வீட்டுக்குள் ஓரளவு சமாளிக்கும் என்றாலும், மொலிப்டினம் கலந்த 316 தரம் கடலோரத்துக்கு ஏற்றது. தம்பி கனடாவிலிருந்து எதையாவது அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், 316 தரக் கைப்பிடிகள் மூன்றும் அதே தரத் திருகாணிகளும் அனுப்பட்டும். ஒன்று குளியலறை வாசலில் நிலைக்குத்தாக, ஒன்று குளிக்கும் திட்டின் அருகே, மற்றது கொமட்டின் பக்கத்தில். வெளிநாட்டு அளவுகோல்கள் 84 முதல் 91 சென்ரிமீற்றர் உயரம் என்று சொல்லும். அவை அங்குள்ளவர்களின் உடல்வாகுக்கு வகுக்கப்பட்டவை. அம்மாவை இருத்தியும் எழுப்பியும் பார்த்து, அவர் கை இயல்பாகப் போகும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்த பின்னரே துளை போடுங்கள். உங்கள் வீட்டில் குந்தி இருக்கும் மலசலகூடம்தான் என்றால், அதன் மேல் வைக்கக்கூடிய, நடுவில் துளையுள்ள கொமட் கதிரை இருக்கிறது. தரையை உடைக்கத் தேவையில்லை.

குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பாருங்கள். உட்பக்கம் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், உதவிக்கு வருபவர் கதவைத் தள்ளும்போது அது விழுந்தவரின் உடம்பில்தான் இடிக்கும். பிணைச்சலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்வது தச்சருக்கு அரைநாள் வேலை. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டைப் போடுங்கள்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சென்றடைவது, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றிலொரு பங்கு மட்டுமே. எழும்பி வந்து ஆளிக்காகச் சுவரைத் தடவும் நிலையை ஒழிக்கவேண்டும். அசைவை உணர்ந்து தானாக எரியும், மின்னேற்றிப் பயன்படுத்தும் சிறு எல்ஈடி விளக்குகளைக் கட்டிலடியிலும் நடைவழியிலும் குளியலறை வாசலிலும், கண்ணில் நேரே குத்தாதபடி முழங்காலுக்குக் கீழே ஒட்டுங்கள். மின்சாரம் நின்றாலும் அவை எரியும்.

கைத்தடியை அம்மா மறுக்கக்கூடும். கிழவி என்று முத்திரை குத்தும் பொருளாக அதைப் பார்ப்பவர்கள் பலர். ஏற்றுக்கொண்டால், கை தொங்கும்போது மணிக்கட்டின் மடிப்பு வரும் உயரம்தான் தடியின் உயரம். வலது முழங்கால் நோகிறவர் தடியை இடது கையில் பிடிக்கவேண்டும். பெரும்பாலானோர் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். உவர்மலையின் சரிவான ஒழுங்கைகளில் தடியின் நுனி றப்பர் விரைவில் தேயும் என்பதால், தடியோடு சேர்த்து இரண்டு மாற்று றப்பர்களையும் வாங்கி வையுங்கள்.

இப்போது தம்பியின் பட்டியலுக்கு வருகிறேன். அவசரப் பொத்தான் என்பது கயிறு போன்றது. மறுமுனையில் யாராவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் பயன். கனடாவில் விற்கப்படும் கழுத்துப் பொத்தான்களில் பெரும்பாலானவற்றின் மறுமுனையில் மாதக் கட்டணம் பெறும் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. அம்மா உவர்மலையில் அழுத்தினால் அந்த நிலையம் இங்கு யாரையும் அனுப்ப முடியாது. அந்தக் கருவியின் சிம் இங்குள்ள வலையமைப்பில் வேலை செய்யும் என்பதற்கும் உறுதியில்லை. அதன் தளக்கருவி 120 வோல்ற் மின்சாரத்துக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தால், நமது 230 வோல்ற் துளையில் செருகிய அன்றே புகைந்துவிடும். கைக்கடிகாரங்கள் அதைவிட மேலானவை. நல்ல தயாரிப்புகள் கடுமையான வீழ்ச்சியை உணர்ந்து, அணிந்திருப்பவர் ஒரு நிமிடமளவில் அசையாவிட்டால் தாமாகவே அழைப்பை எடுக்கின்றன. ஆனால் சுவரோடு சாய்ந்து மெதுவாகச் சரிந்து விழுந்தால் அவை உணராமல் போகலாம். அருகில் கைப்பேசியோ, கடிகாரத்துக்கென்று தனி இணைப்போ இருக்கவேண்டும். அநேகமானவற்றை நாள்தோறும் மின்னேற்றவும் வேண்டும். இரவில் கழற்றி மின்னேற்றியில் வைத்துவிட்டுத் தூங்கினால், அம்மா விழுந்த அந்த நேரத்தில் கடிகாரம் மேசையில்தான் இருக்கும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைக் கடந்தவர்களைப் பின்தொடர்ந்து, 2008 இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலானோரிடம் அழைப்புப் பொத்தான் இருந்தும் அவர்கள் அதை அழுத்தவில்லை. சிலர் அணிந்திருக்கவில்லை, சிலருக்கு மற்றவர்களைத் தொந்தரவுபடுத்த மனமில்லை. உங்கள் அம்மாவும் நள்ளிரவில் யாரையும் எழுப்ப விரும்பாத ரகம் என்றே உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

ஆகவே மறுமுனையை முதலில் கட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் நேரில் சென்று பேசி, இரவில் மணி அடித்தால் வருவதற்கு அவருடைய ஒப்புதலைப் பெறுங்கள். பின்னர் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றை வாங்கி, நீர் புகாத பொத்தானை அம்மாவின் குளியலறையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும், மணியை அக்காவின் படுக்கையறையிலும் வையுங்கள். விழுந்து கிடப்பவருக்கு எட்டும் உயரம் அதுதான். வீட்டுவாசல் மணியைப் போல நெஞ்சு உயரத்தில் பூட்டினால் அது அலங்காரப் பொருள். பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் வெட்டவெளிக்கானது, சுவர்கள் அதைக் குறைக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் இரண்டு வீட்டுக்கும் இடையில் அடித்துப் பாருங்கள். இன்னொரு பொத்தானைக் கட்டில் காலில் கட்டுங்கள். இணையமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். 2020 டிசம்பர் 2 இல் புரெவி சூறாவளி நமது மாவட்டத்துக் கரையைக் கடந்ததைப் போன்ற ஓர் இரவில், வைஃபையை நம்பும் கருவிகள் மின்சாரத்தோடு சேர்ந்து படுத்துவிடும். மணியின் இரு முனைகளும் மின்கலத்தில் இயங்கும் வகையாகப் பார்த்து வாங்கினால் அது அடிக்கும்.

அக்கா வந்தாலும் உள்ளே நுழைய வேண்டுமே. நமது பழைய வீடுகளில் முன்கதவுக்குப் பூட்டு ஒன்று, உள்ளே குறுக்குத் தாழ்ப்பாள் ஒன்று. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பிள்ளைகள், அம்மா இரவில் தாழ்ப்பாளையும் போடுகிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய உறுதியான பூட்டு ஒன்றைப் பின்கதவுக்குப் போட்டு, அந்தக் கதவில் மட்டும் தாழ்ப்பாளை அகற்ற அம்மா சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது வரிசையாக, முதுகில் பெரிய அவசரப் பொத்தானுள்ள எளிய கைப்பேசி ஒன்றை இங்கேயே வாங்கி, இலங்கை சிம்மைப் போட்டு, வீட்டில் அணியும் ஹவுஸ்கோட்டின் பையில் வைக்கப் பழக்குங்கள். அது பதிந்த இலக்கங்களை வரிசையாக அழைக்கும். யாருடைய இலக்கத்திலாவது குரலஞ்சல் பதிலளித்தால் அழைப்பு எடுக்கப்பட்டதாகக் கருதி அங்கேயே நின்றுவிடும் என்பதால், எல்லோரும் குரலஞ்சலை நிறுத்தி வையுங்கள். வரிசையில் தம்பியும் இருக்கட்டும். இங்கு அதிகாலை 2 மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் பிற்பகல் 4.30, குளிர்காலத்தில் 3.30, நீங்கள் ஆழ்ந்து உறங்கும் நேரத்தில் விழித்திருப்பவர் அவர்தான். ஆனால் 1990 என்ற இலக்கத்தில் இயங்கும் சுவசரிய அம்புலன்ஸ் சேவையைக் கனடாத் தொலைபேசியிலிருந்து அழைக்க முடியாது. அழைப்பது நீங்களோ அக்காவோதான். அந்தச் சேவை இலவசமானது, தமிழில் பேசலாம். ஒழுங்கையின் பெயரையும், வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளத்தையும் தடித்த எழுத்தில் எழுதி இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே நாக்கில் வராது.

கமெராவைப் பற்றி என் கருத்து கடுமையானது. வாசலையோ முற்றத்தையோ பார்க்கும் ஒன்று, அம்மா விரும்பினால் மட்டும். வீட்டுக்குள் ஒன்றும் வேண்டாம். அவர் விழுந்த இடமாகிய குளியலறையில் கமெரா வைக்கவே முடியாது. வைக்கக்கூடிய இடங்களில் அவர் விழவில்லை. நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பைக் கட்டி ஆண்ட ஒருவரை நான்கு கண்ணாடிக் கண்களின் கீழ் இருத்தினால், அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. நலமாக இருக்கிறார் என்ற செய்தி மட்டும்தான் உங்களுக்குத் தேவை என்றால் அதற்கு வேறு வழிகள் உண்டு. ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001 இல், முதியவர் வெந்நீர் எடுக்கும் ஒவ்வொரு தடவையையும் பதிந்து பிள்ளைகளுக்கு அறிவிக்கும் மின்கேத்தலை அறிமுகப்படுத்தியது. அதே வேலையை நமது ஊரில் வட்ஸ்அப் செய்யும்: காலைத் தேநீருடன் அம்மா உங்களுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பட்டும், 7 மணிக்குள் வராவிட்டால் நீங்கள் அழையுங்கள், 7.30 வரை பதில் இல்லையென்றால் அக்கா போய்ப் பார்க்கட்டும். செய்தியை அனுப்புவது அம்மாவின் கையில் இருப்பதால் அதில் காவல் வாடை இராது.

சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 1993 இல் வெளியான ஆய்வொன்றில், பெற்றுக்கொண்ட உதவி உபகரணங்களில் ஏறக்குறைய 29 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. தெரிவு செய்யும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது முக்கியமான காரணங்களில் ஒன்று. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பொருட்களைப் பற்றிப் பேச்சை எடுக்காமல், இப்போது செய்யக் கடினமாக இருக்கும் வேலை எது, விட்டுவிட மனமில்லாத வேலை எது என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவது என்று அவர் சொல்லலாம். அப்படியானால் கைத்தடிக்கு நீங்கள் வாதாடத் தேவையில்லை. கோயிலுக்குப் போவதற்கான பொருளாக அது தானே வீட்டுக்குள் வந்துவிடும். சுவரில் பென்சில் குறியிடும்போது அம்மாவையே மேசனுக்குக் கட்டளையிட விடுங்கள். ஆசிரியைக்கு அது கைவந்த வேலை.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைகளுக்கு ஏழு நாட்களும் நேரங்களும் பிரிக்கப்பட்ட பெட்டி போதும்; கைப்பேசியின் நினைவூட்டும் மணியை அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் நீங்கள் சொல்வதைத் திருப்பிக் கேட்கிறார் என்றால் காதைச் சோதியுங்கள். கேட்டல் கருவி வாங்க நேர்ந்தால், வாடைக்காற்றுக் காலத்து ஈரப்பதனில் அதை இரவில் ஈரமுறிஞ்சிப் பைகளுடன் மூடிய டப்பாவில் வைக்கவேண்டும். முதியோர் அடையாள அட்டை இல்லாவிட்டால், திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து விண்ணப்பியுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய முதியோர் செயலகத்தின் உதவிகளைப் பற்றியும் அவரிடமே விசாரிக்கலாம். தரையில் விழுந்தால் புரண்டு, முட்டுக்காலிட்டு, கதிரையைப் பிடித்து எழும்பும் முறையை இயன்மருத்துவர் ஒருவரிடம் அம்மா பழகிக்கொள்ளட்டும். முழங்கால் இடம் கொடுத்தால் அது எந்தக் கருவியைவிடவும் விரைவாக உதவும்.

கைக்கடிகாரத்தை முற்றாக மறுக்கவில்லை. இவை எல்லாம் பழகிச் சில மாதங்கள் சென்ற பின், கோயிலுக்கும் கடைக்கும் தனியே போய்வரும்போது அணிந்துகொள்ள அம்மா தாமாகவே விரும்பினால், அப்போது தம்பி வாங்கட்டும். நீர் புகாததாகவும், இங்குள்ள சிம்முடன் இயங்குவதாகவும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கட்டும். அதுவரை மணியையும் கைப்பேசியையும் மாதத்துக்கு ஒரு தடவை, அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரவு நேரத்தில் அடித்துப் பாருங்கள். மணியின் மின்கலங்களை ஆடிப்பிறப்புக்கும் தைப்பொங்கலுக்கும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதக் கணக்கு யாருக்கும் தவறாது.